மலையின் செங்குத்தும் குடிலின் படிக்கட்டும்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒயிட் மௌண்டன்ஸ் எனப்படும் வெண்மலைத் தொடர் உள்ளது. அத்தொடரில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,800 அடி உயரத்தில், கேல்ஹெட் குடில் என்றொரு மலைக்குடில் நிற்கிறது. 1876-இல் நிறுவப்பெற்ற அப்பலாச்சியன் மௌண்டன் கிளப் என்னும் மலையேறுவோர் கழகம் இம்மலைகளின் உயரத்தே நடத்திவரும் எட்டுக் குடில்களுள் இதுவும் ஒன்று. அதனிடத்திற்குச் சாலை எதுவும் செல்வதில்லை. மிகக் குறுகிய வழியைத் தெரிந்தெடுத்து நடந்தாலும் 4.6 மைல், வழிநெடுகப் பாறையும் வேருமாய்க் கிடக்கும். 1932-இல் எழுந்த பழைய குடிலை அகற்றிவிட்டு 2000-ஆம் ஆண்டில் புதிய குடிலைத் திறந்தனர். நிலம் கூட்டரசு வனத்துறையைச் சேர்ந்தது. எனவே அத்துறையின் நிபந்தனைப்படி புதிய குடிலின் வாசலுக்கு ஒரு சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையத்தக்க கழிப்பறையும் அமைக்க வேண்டியதாயிற்று. அச்சாய்தளத்தைக் குறித்து எழுந்த நகைப்பும், அதற்குக் கிடைத்த விடையும், பின்னர் 2013-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட மலைப்பாதைத் தரவிதிகளுமே இங்கே நாம் ஆராயப் புகும் பொருள்.

தொலைநாட்டுக் குடில் ஒன்றின் வாசற்படிக்கு நமது இதழில் இத்தனை பக்கங்கள் தகுமா என்று வாசகர் வினவக்கூடும். அக்குடிலைக் குறித்துச் சொல்லப்பட்ட வாதங்கள் எளியவை. முதன்முறை கேட்கும்போது நியாயமாகவும் ஒலிப்பவை. அப்படி ஒலிக்கும் வாதங்களையே நிதானித்து ஆராயவேண்டும் என்று மறைநூல் விளக்க வகுப்பில் நாம் மாணவர்க்குச் சொல்லிவருகிறோம். வகுப்பறைக்கு வெளியேயும் அப்பாடம் செல்லுபடியாகத்தானே வேண்டும்!

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல கால்களுடையோரே மூச்சிரைக்க ஏறும் வழியில் சக்கர நாற்காலி வரவே முடியாது. வரமுடியாதவர்க்குச் சாய்தளம் எதற்கு, அது வீண் செலவும் அரசாங்கத்தின் மூடத்தனமும் அன்றோ என்பது அவ்வாதம். இதில் ஒரு வட்டம் இருப்பதைக் கவனிக்கவேண்டும். பழைய குடிலுக்கு நாற்காலியில் எவரும் வரவில்லை என்பது சான்றாகக் காட்டப்படுகிறது. பழைய குடிலில் நாற்காலி நுழைய வழியே இருக்கவில்லை என்பது சொல்லாமல் விடப்படுகிறது. வராமைக்குக் காரணமாக நின்ற ஒன்றை, அந்த வராமையையே ஆதாரமாகக் காட்டி நிலைநிறுத்துவது தருக்கநூலில் மன்னிக்கப்படாத பிழை. ஆலயத்தில் ஊன்றுகோலுடன் வருவோர் எவருமில்லை, ஆகையால் கைப்பிடிக் கம்பி வேண்டுவதில்லை என்று கூறும் ஆலயக் குழுவினர் செய்வதும் இதே பிழையே.

அவ்வாதத்திற்கு இன்னொரு குறையும் உண்டு. சாய்தளம் ஒரே வகை மனிதருக்கு மட்டும் உரியது என்று அது கருதிக்கொள்கிறது. மலையில் கணுக்கால் பிசகி, தோழர் தோள்மேல் சாய்ந்து குடிலை வந்தடைபவர் உண்டு. முழங்கால் மடங்காத முதியவர் உண்டு. அக்குடில்களில் பணிபுரியும் இளைஞர் உணவுப் பொருள்களை மரச்சட்டத்தில் ஏற்றி முதுகில் கட்டிக்கொண்டு மேலேறுவது நெடுநாள் வழக்கம். அவ்வளவு பாரத்தோடு வருகிறவனுக்கும் மழையில் வழுக்கும் படியைவிடச் சாய்தளம் நல்லதே. இவர்களையெல்லாம் எண்ணிப் பார்த்தவர் அந்த நகைப்பை அவ்வளவு விரைவில் நகைத்திருக்கமாட்டார்.

எனினும் வாதத்தால் தீராத இவ்வழக்கில் ஒரு செயல் குறுக்கிட்டது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அம்மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் உதவும் ஓர் அமைப்பின் சார்பில் ஒரு குழு மேலே ஏறியது. அவர்களுள் மூவர் சக்கர நாற்காலியினர்; இருவர் ஊன்றுகோலினர்; உடன் துணைவர் பலர். நாற்காலி உருளக்கூடிய இடத்தில் உருண்டும், உருளாத இடத்தில் இறங்கித் தரையில் தம்மை இழுத்துக்கொண்டும், ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் குடிலை அடைந்தனர். வரமுடியாது என்ற வாதம் அன்றோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை, உடனே வேறு உருவம் எடுத்தது. இவ்வளவு தூரம் தம்மை இழுத்துக்கொண்டு ஏறிவந்தவர்கள் குடிலின் படிகளிலும் அவ்வாறே இழுத்துக்கொண்டு ஏறலாமே, சாய்தளம் இன்னும் எதற்கு என்று செய்தியாளர் ஒருவர் கேட்டார்.

இவ்விரு வாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டுகிறேன். வரமுடியாதவர்க்குச் சாய்தளம் வேண்டாம் என்றது முதலாவது. வந்துவிட்டவர்க்கும் வேண்டாம் என்கிறது இரண்டாவது. முடிவை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு காரணத்தைப் பின்னர் தேடுகிற வாதத்தின் அடையாளம் இதுவே. குழுவை நடத்தியவர் சொன்ன விடை கூர்மையானது. அப்படியானால் நடப்போர்க்குப் படிகள்தாம் எதற்கு, அவர்களும் சன்னல் வழியே தம்மை இழுத்துக்கொண்டு உள்ளே போகலாமே என்னும் கருத்துப்பட அவர் பதில் கேள்வி கேட்டார்.

இதைக் குத்தலான மறுமொழி என்று எண்ணிக் கடந்துவிடலாகாது. படிக்கட்டும் ஒரு வசதியே என்னும் உண்மையை அது ஒரே வீச்சில் வெளிப்படுத்துகிறது. மூன்றடி உயரத்தில் நிற்கும் தளத்திற்கு ஒருவன் எகிறித் தாவ வேண்டியதில்லாமல், முழங்கால் மடக்கி ஏறும் உடலுக்கென்றே அளந்து அமைத்த உதவி அது. நாம் அதற்குப் பழகிவிட்டமையால் அதனை உதவி என்று பார்ப்பதில்லை; கட்டடத்தின் இயல்பு என்று பார்க்கிறோம். சாய்தளம் வேறொரு உடலுக்கு அளந்தது ஆகையால் அது மட்டும் கண்ணை உறுத்துகிறது. அலிசன் கேஃபர் என்னும் பேராசிரியர் 2013-இல் வெளியிட்ட தம் நூலில் இக்குடிலின் வழக்கை எடுத்துப் பேசுகிறார். நாம் இயற்கை என்று மயங்கும் மலைப்பாதைகளும்கூடச் சிலவகை உடல்களை மனத்தில் வைத்து மனிதர் வகுத்தவையே என்பது அவருடைய கருத்து.

சன்னல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமது வாசகர் மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்திருப்பார். கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனைக் குறித்து நாம் எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறோம். அந்நால்வரின் விசுவாசத்தையும் ஊக்கத்தையும் புகழ்ந்திருக்கிறோம். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தாரைப் பற்றி ஒரு பிரசங்கமேனும் கேட்ட நினைவு எனக்கில்லை. அவர்கள் தீயோரல்லர், வசனத்தைக் கேட்கவே வந்தவர்கள். ஆயினும் கட்டிலோடு ஒருவன் வந்தபோது அவனுக்கு வழிவிட்டதாக மாற்கு எழுதவில்லை. கூரை பிரிக்கப்பட்டது விசுவாசத்தின் வெற்றி என்பது உண்மை. வாசல் அடைபட்டிருந்தது என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. இது நிற்க.

சாய்தளத்தை எதிர்த்தோர் கையாண்ட இன்னொரு சொல் 'இயற்கை'. மலை மலையாகவே இருக்கட்டும், மனிதக் கையால் அதைத் திருத்தவேண்டாம் என்றனர். இதற்கு நான் முழு மனத்தோடு தலைவணங்க விரும்புகிறேன். ஆனால் அம்மலைகளின் வரலாறு அதற்கு இடங்கொடுப்பதாயில்லை. அதே வெண்மலைத் தொடரின் மிக உயர்ந்த சிகரமான மௌண்ட் வாஷிங்டன் 6,288 அடி உயரமுடையது. அதன் உச்சிவரை வண்டிச்சாலை 1861-இல் திறக்கப்பட்டது. 1869-இல் பற்சக்கர ரயிலும் உச்சியை எட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் ரயிலை அறிந்தவர்க்கு அத்தகைய ரயிலின் தன்மையை விளக்கவேண்டியதில்லை. இரண்டும் இன்றும் ஓடுகின்றன. நடக்க முடிந்தும் நடக்க விரும்பாத இலட்சோப இலட்சம் மனிதரை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அவை உச்சியில் கொண்டுபோய் விட்டிருக்கின்றன. நடக்க மனமில்லாதவர்க்குப் போட்ட சாலை உல்லாசப் பயணம் எனப்படுகிறது. நடக்க இயலாதவர்க்குப் போட்ட சில அடிச் சாய்தளம் இயற்கையின் கேடு எனப்படுகிறது! குடிலின் உள்ளேயும் பாருங்கள். அங்கே கட்டில் உண்டு, கம்பளி உண்டு, சூடான இரவுணவு உண்டு. பொருள்களில் ஒரு பகுதி ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறது. இவையெல்லாம் மலையில் தாமே முளைத்தவை அல்ல.

பாதைகளின் கதையும் அவ்வாறே. செங்குத்தான இடங்களில் பாறைத் துண்டுகளைப் புரட்டிப் படியாக அடுக்கியிருக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் மரப்பலகை பாவியிருக்கிறார்கள். சில இடங்களில் மர ஏணியே உண்டு. பாதைக் காவலர் ஆண்டுதோறும் செய்துவரும் பெரும்பணி இது. அதைக் குறைசொல்ல நான் முற்படவில்லை. காலுக்கு உதவும் வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியாமற்போய், சக்கரத்துக்கு உதவும் வேலைப்பாடு மட்டும் கண்ணில் படுவதையே குறிக்கிறேன்.

இதனினும் வியப்பான ஒரு செய்தி உண்டு. கேல்ஹெட் குடிலுக்குத் தெற்கே விரிந்துகிடக்கும் பெமிஜவாசெட் காடு இன்று மனிதக் கை படாத வனம்போலத் தோன்றும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜே. ஈ. ஹென்றி என்னும் மரவணிகர் அக்காட்டுக்குள் இருப்புப்பாதை போட்டு மலைமலையாக மரத்தை வெட்டி இறக்கினார். 1893-இல் தொடங்கிய அந்த ரயில் 1948 வரை ஓடியது. மொட்டையான சரிவுகளும் காட்டுத்தீயும் மக்கள் மனத்தை உலுக்கியபின்னர், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அரசு அத்தகைய நிலங்களை வாங்கத் தொடங்கிற்று. காடு மீண்டும் எழுந்தது. 1984-இல் அப்பகுதி சட்டத்தால் காக்கப்படும் வனமாக அறிவிக்கப்பட்டது. இன்று அக்காட்டை நோக்கி உள்ளே செல்லும் லிங்கன் உட்ஸ் பாதை அந்தப் பழைய இருப்புப்பாதையின் மேலேயே செல்கிறது. ஸ்லீப்பர் கட்டைகள்கூட ஆங்காங்கே தென்படும். பாறையும் செங்குத்துமான அந்நாட்டில் அவ்வழி மட்டும் மெல்லிய சரிவாய், அகலமாய், ஏறத்தாழச் சமதளமாய்ச் செல்வது ஏன்? ரயிலும் சக்கரத்தில் ஓடுவது. அதனாலும் செங்குத்தில் ஏற இயலாது. வெட்டுண்ட மரத்தை ஏற்றிய சக்கரத்துக்காக மலை ஒருகாலத்தில் இணங்கிக் கொடுத்தது. அப்போது மலையின் இயல்பு கெடுகிறது என்று சொன்னவர் சிலர். அச்சொல்லைக் கேட்டவர் அவரினும் சிலர்.

இவ்விடத்தில் வாதத்தின் மறுபக்கத்தாரையும் நான் எச்சரிக்க விரும்புகிறேன். எல்லா மலையையும் எல்லாருக்கும் ஏற்றதாக்கிவிட முடியும், ஆக்கவும் வேண்டும் என்று முழங்குவோர் உளர். அவர்களும் ஒன்றைக் குழப்புகிறார்கள். மலையின் செங்குத்து எவரும் எவருக்கும் இழைத்த அநீதியன்று. பனியும் உருகுநீரும் நெடுங்காலம் செதுக்கிய உருவம் அது. படிக்கட்டோ அப்படிப்பட்டதன்று, மரத்தை அறுத்து ஆணி அடித்தபோது சாய்தளமாகவும் அமைத்திருக்கக் கூடிய ஒன்றைப் படியாக அமைத்தோம். முன்னதற்கு முன் மனிதன் தன் உடலின் அளவை அறிந்து பணிகிறான்; பின்னதற்கு முன் அவன் வேறொரு மனிதனின் முடிவுக்குப் பணியவேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இவ்வழக்கு முழுவதற்கும் திறவுகோல் என்பது என் துணிபு. ஏசாயா 40-ஆம் அதிகாரத்தில் பள்ளம் உயர்வதையும் குன்று தாழ்வதையும் காட்டி இத்தகைய சாலைத் திட்டங்களுக்கு ஆதரவு தேடும் பிரசங்கிகள் சற்றுப் பொறுக்கவேண்டும். அவ்வதிகாரம் கர்த்தர் வரும் வழியைப் பற்றிப் பேசுகிறது, பொதுப்பணித் துறைக்கு எழுதிய குறிப்பன்று.

இனி 2013-ஆம் ஆண்டுத் தரவிதிகளுக்கு வருவோம். அக்ஸஸ் போர்டு என்னும் கூட்டரசு வாரியம் அவ்வாண்டு செப்டம்பர் 26-இல் அவற்றை வெளியிட்டது. நவம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தன. கூட்டரசு நிலங்களில் புதிதாக அமைக்கும் பாதைகளுக்கும், மாற்றி அமைக்கும் பாதைகளுக்கும் அவை உரியவை. சட்டமொழியில் எழுதிய வறண்ட நூல் என்று தள்ளிவிடாமல், லேவியராகமத்தைப் படிக்கும் பொறுமையோடு படித்தால், இதில் மலையை நன்கறிந்தோர் கைவண்ணம் தெரிகிறது. பாதையின் அகலம் 36 அங்குலத்துக்குக் குறையலாகாது. சரிவு 20-க்கு 1 என்ற அளவுக்குள் இருந்தால் எவ்வளவு தூரமும் செல்லலாம். 12-க்கு 1 வரை ஏறலாம், ஆனால் 200 அடிக்கு ஒருமுறை இளைப்பாறும் சமதளம் வேண்டும். 10-க்கு 1 எனில் 30 அடி. 8-க்கு 1 எனில் 10 அடியே. மொத்த நீளத்தில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் 12-க்கு 1-ஐ மிஞ்சக்கூடாது. குறுகிய பாதையில் 1,000 அடிக்கு ஒருமுறை இரு நாற்காலிகள் விலகிச்செல்ல இடம் வேண்டும். மேற்பரப்பு தார்ச்சாலையாக இருக்கவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கெட்டியாகவும் நிலையாகவும் இருந்தால் போதும். நொறுக்கிய கல்லையும் கல்தூளையும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்திய பாதையே போதியது.

இவ்வெண்களின் பொருள் என்னவென்று கணக்கிட்டுப் பார்க்கலாம். கேல்ஹெட் குடிலுக்குக் கேல் ஆற்றுப் பாதை வழியாகச் செல்வோர் ஏறும் உயரம் ஏறத்தாழ 2,200 அடி. 20-க்கு 1 என்ற சரிவில் அவ்வளவு உயரம் ஏற 44,000 அடி, அதாவது எட்டு மைலுக்குச் சற்று மேல், பாதை வேண்டும். இன்றுள்ள வழி 4.6 மைல். தாளில் பார்த்தால் இது ஆகாத காரியமன்று. நிலத்தில் பார்த்தால், கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காய் அம்மலைச்சரிவை அறுத்துச் செல்லும். அப்படி ஒரு பாதையை அங்கே நான் கேட்கமாட்டேன். விதிகளும் கேட்கவில்லை.

ஆயினும் மெல்லிய சரிவு எப்போதும் மலைக்குக் கேடு என்று கொள்வது பெருந்தவறு. இதில் நீரின் போக்கை அறியவேண்டும். நியூ இங்கிலாந்து மலைகளின் பழைய பாதைகள் பல, உச்சியை நோக்கி நேர்கோடாக வகுக்கப்பட்டவை. மழைநீருக்கும் அதுவே நேர்வழி. ஆகையால் பாதையே ஓடையாகி, மண் அரித்து, வேரும் பாறையும் வெளிப்பட, நடப்போர் சேற்றை விட்டு ஓரத்தில் மிதித்து மிதித்துப் பாதையை ஆண்டுக்காண்டு அகலமாக்குகின்றனர். சரிவின் குறுக்கே மெல்ல ஏறும் பாதையில் நீர் தங்காமல் பக்கவாட்டில் வழிந்தோடிவிடும், மண் தங்கும். அதற்காகப் பாதையைச் சற்றே வெளிப்புறம் சாய்த்து அமைப்பார்கள். இங்கேதான் ஒரு நுட்பமான இடர்ப்பாடு. பக்கச்சாய்வு மிகுந்தால் நாற்காலி பள்ளத்துப் பக்கமாகவே இழுக்கும். உந்துகிறவர் ஒரு கையால் உருட்டி மறுகையால் தடுத்துக்கொண்டே செல்லவேண்டும். சாய்வு குறைந்தால் நீர் தங்கும். மண்பாதைக்குப் பக்கச்சாய்வு 20-க்கு 1 வரை, பலகைப் பாதைக்கும் தார்ப்பாதைக்கும் 48-க்கு 1 வரை என்று விதி வகுத்திருப்பது இவ்விரண்டையும் சீர்தூக்கியே. நீருக்கும் சக்கரத்துக்கும் இடையே நடுநிலை தீர்க்கும் இவ்வரியை எழுதியவரை நான் பாராட்டுகிறேன்.

நான் உடன்பட இயலாத இடம் ஒன்று உண்டு. விதிகளிலிருந்து விலக்குப்பெற நான்கு காரணங்கள் கூறப்பட்டுள்ளன. நிலத்தின் அமைப்பு இடந்தராமை, வழக்கமான கட்டுமான முறைகளால் இயலாமை, அருகிவரும் உயிர்களையும் பழம்பெரும் இடங்களையும் காக்கும் சட்டங்கள் தடுத்தல் ஆகிய மூன்றும் அளந்து சொல்லத்தக்கவை. பாதையின் பயனையோ அவ்விடத்தின் தன்மையையோ அடியோடு மாற்றிவிடுதல் என்னும் காரணம் அப்படியன்று. ஓர் இடத்தின் தன்மை யாது, அதன் நோக்கம் யாது என்று யார் சொல்வது? கேல்ஹெட் குடிலில் சாய்தளமே அவ்விடத்தின் தன்மையைக் கெடுத்தது என்று சொன்னவர்கள் இருந்தார்கள் அல்லவா! கடினமாக இருப்பதே இப்பாதையின் நோக்கம் என்று ஓர் அதிகாரி எழுதிவிட்டால், அவ்வொரு வாக்கியத்தால் எந்த மலையும் பூட்டப்படலாம். பாதை முழுவதற்கும் விலக்குக் கொள்ளும் துறை காரணத்தை எழுதி வைத்து வாரியத்துக்கு அறிவிக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு, அது நல்லதே. இயலாத பகுதியை விட்டு இயன்ற பகுதியை விதிப்படி அமைக்கவேண்டும் என்பதும் நல்லதே. எனினும் அக்காரணத்தின் வாசகம் தளர்ந்தது. தளர்ந்த வாசகத்துக்குள் எதையெல்லாம் ஏற்றலாம் என்பதைத் திருமறை விளக்கத்தின் வரலாற்றைக் கற்றவர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை.

விதிகளை நிறைவேற்றும் முறையிலும் ஒரு மனச்சாய்வு காணப்படுகிறது. வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி, கால் மைல் வட்டமாய், ஒரு குளத்தையோ நாணற்புதரையோ சுற்றிவரும் பாதையை அமைத்து, சக்கர நாற்காலிச் சின்னத்தை நட்டுவிட்டால் கடமை முடிந்தது என்னும் எண்ணம் பல இடங்களில் பரவியிருக்கிறது. நான்சி ஐஸ்லண்ட் அம்மையார் 1994-இல் வெளியிட்ட, ஊனமுற்ற கடவுள் எனப் பொருள்படும் தலைப்புடைய இறையியல் நூலில், ஊனத்தைக் குறித்துத் திருச்சபை கொண்டுவந்த மூன்று தவறான போக்குகளைச் சுட்டுகிறார்: ஊனத்தைப் பாவத்தோடு பிணைத்தல், துன்பத்தைப் புண்ணியமாக்குதல், பிரித்து ஒதுக்கிவைத்துச் செய்யும் தர்மம். அந்தக் கால் மைல் வட்டம் மூன்றாவதின் வடிவமென்றே நான் கருதுகிறேன். கணவன் உச்சிக்குப் போய்வரும்வரை மனைவி குளக்கரையில் காத்திருக்கலாம். அதற்குமேல் அப்பாதை எதையும் தருவதில்லை.

இவ்வாறன்றி அமைக்கவும் முடியும் என்பதற்குச் சான்று அதே நியூ ஹாம்ப்ஷயரில் உண்டு. கிரீன்ஃபீல்டு ஊரில் குரோச்சட் மலையின் சரிவில் 2011-இல் திறக்கப்பட்ட பாதைகளுள் ஒன்று வளைந்து வளைந்து மேலேறிக் காட்சிமேடை ஒன்றை அடைகிறது. மற்றொன்று காட்டுக்குள்ளும் சதுப்பின்மேல் பாவிய பலகையின் வழியாகவும் செல்கிறது. மேலே ஏறியபின் திரும்பிப் பார்த்துத் தான் புறப்பட்ட இடம் கீழே கிடப்பதைக் காண்பதே மலையின் இன்பம். வட்டப்பாதை அதைத் தராது. ஏறும் பாதை தருகிறது. தோள் வலிக்க உந்தவேண்டும் என்பது குறையன்று; வந்ததே அதற்காகத்தானே.

மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் மலையைத் தட்டையாக்கக் கேட்கிறார்கள் என்ற அச்சமும் ஆதாரமற்றது. 1964-ஆம் ஆண்டு வனப்பாதுகாப்புச் சட்டம் காக்கப்பட்ட வனங்களில் இயந்திர வாகனங்களையும் பிற இயந்திரப் போக்குவரத்தையும் விலக்கியது. சக்கர நாற்காலியும் இயந்திரமாகுமோ என்ற ஐயம் எழுந்தது. 1990-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவு அதைத் தீர்த்தது. நடமாட இயலாதவர் இடம்பெயரவே வடிவமைக்கப்பட்டு, கட்டடத்துக்குள்ளும் பயன்படத்தக்கதாக உள்ள நாற்காலி வனத்திற்குள் செல்லலாம்; ஆனால் அதற்காக வனத்தில் எதையும் கட்டவோ நிலத்தை மாற்றவோ எந்தத் துறையும் கடமைப்பட்டதன்று. உடற்குறையுள்ளோர் நலனுக்கான தேசிய மன்றம் 1992-இல் அளித்த அறிக்கைக்காகக் கருத்துக் கேட்டபோது, வனச்சட்டத்தின் தடைகள் தாங்கள் வனத்தை அனுபவிப்பதைக் குறைக்கவில்லை என்று மாற்றுத்திறனாளிகளுள் பெரும்பான்மையோர் விடையளித்தனர். செங்குத்தைச் செங்குத்தாகவே ஏற்கும் மனம் அவர்களுக்கு உண்டு. படிக்கட்டை மலை என்று சொல்லி ஏமாற்றும்போதுதான் அவர்கள் மறுக்கிறார்கள்.

கேல்ஹெட் ஏற்றத்தைக் கொண்டாடுவோர் எழுதியவற்றிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் இழுத்துக்கொண்டு ஏறிய வீரர்கள் சாய்தளத்துக்குத் தகுதியை ஈட்டிக்கொண்டார்கள் என்பதுபோல அவர்கள் பேசுகின்றனர். நடந்துவந்தவர் எவரும் படிக்கட்டுக்குத் தகுதியை ஈட்டவேண்டியதில்லை. படி அவருக்காக முன்னரே காத்திருக்கிறது. அந்த ஐவரும் பாதிவழியில் களைத்துத் திரும்பியிருந்தால், சாய்தளம் வீண் என்று தீர்ப்பாகியிருக்குமா? ஆகியிருக்கும் என்றே அஞ்சுகிறேன். வீரத்தைப் புகழ்ந்து உரிமையை அதன்மேல் நிறுத்துகிறவர், ஐஸ்லண்ட் அம்மையார் சுட்டிய இரண்டாம் போக்கையே வேறு உடையில் கொண்டுவருகிறார். நோயாளியின் பொறுமையைப் புகழ்ந்து அவர் வீட்டு வாசலைச் செப்பனிட மறக்கும் மேய்ப்பர்களாகிய நமக்கு இது பழக்கமான போக்கே.

2013-ஆம் ஆண்டு விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இறுதியில் வருகிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. புதிய பாதையின் தொடக்கத்தில் தகவற்பலகை வைத்தால், அதில் பாதையின் நீளம், மேற்பரப்பின் வகை, வழக்கமான அகலமும் மிகக் குறைந்த அகலமும், வழக்கமான சரிவும் மிக அதிகச் சரிவும், பக்கச்சாய்வும் எழுதப்பட வேண்டும். பாதை தரவிதிக்கு இணங்கியதாயினும் இணங்காததாயினும் எழுதவேண்டும். சக்கர நாற்காலிச் சின்னம் ஒரு தீர்ப்பைக் கூறுகிறது: உன்னால் முடியும் அல்லது முடியாது. இப்பலகை தீர்ப்புக் கூறுவதில்லை. மலையின் அளவை மட்டும் சொல்கிறது. வலிய தோளுடைய இளைஞன் ஒருவனுக்கு 8-க்கு 1 ஒரு பொருட்டன்று. மின்நாற்காலியில் வரும் மூதாட்டிக்குச் சரிவைவிட அகலமே கவலை. தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும், இதய நோயுள்ள ஆயருக்கும் அதே எண்கள் உதவும்.

இதனை மலையேறுவோரின் வழிகாட்டி நூலோடு ஒப்பிடவேண்டும். அப்பலாச்சியன் மௌண்டன் கிளப் 1907 முதல் வெளியிட்டுவரும் வெண்மலை வழிகாட்டி ஒவ்வொரு பாதைக்கும் ஆகும் நேரத்தைக் குறிக்கிறது. அதன் கணக்கு எளியது: மைலுக்கு அரை மணி, ஏறும் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் இன்னும் அரை மணி. கேல்ஹெட் குடிலுக்கு அக்கணக்கின்படி மூன்றரை மணி அளவு ஆகும். அந்த எண் பாதையைப் பற்றியதுபோலத் தோன்றினாலும், அது ஓர் உடலைப் பற்றியது. எந்த உடல் என்று நூல் சொல்வதில்லை. 2000-ஆம் ஆண்டில் ஏறிய ஐவருக்கு அது பன்னிரண்டு மணி. பலகையில் எழுதும் 36 அங்குலமோ எவர் வந்தாலும் 36 அங்குலமே. புதிய விதிகள் பழைய பாதைகளைத் தீண்டாமையால் கேல் ஆற்றுப் பாதைக்கு அத்தகைய பலகை கட்டாயமில்லை. வனத்துறை விரும்பினால் அதை வைப்பதற்கு ஒரு பாறையையும் பெயர்க்கவேண்டியதில்லை. அளவுநாடாவும் சரிவுமானியும் கொண்டு இருவர் ஒருநாள் நடந்தால் போதும்.